ஒரு சைஸ் பெரிய பேட்டரி

“இதுக்கு மேல பெருசு இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே எங்கள் தெரு அண்ணன் மூன்றாவது பேட்டரியைத் தூக்கி, குழந்தையை வைப்பதுபோல் இடுப்பில் வைத்துப் பார்த்தார். முதல் இரண்டையும் கனம் போதவில்லை என்று ஒதுக்கிவிட்டார். கடைக்கார அக்கா பொறுமையாக, “முதல்ல பாத்தீங்களே, அதாண்ணே உங்க வண்டிக்கு அளவு,” என்றார்.

“அளவா வாங்கிட்டு, பத்தாமப் போச்சுன்னா?”

பத்தாமப் போச்சுன்னா? எங்கள் தெருவில் அவர் வாயிலிருந்து இதைக் கேட்காத ஆளில்லை. அதனால்தான் அவருக்கு ‘எக்ஸ்ட்ரா அண்ணன்’ என்று பெயர். எது வாங்கினாலும் தேவைக்கு ஒரு சைஸ் பெரிது. அவர் நடந்தால் செருப்பு அரையடி பின்னால் தனியாக நடந்து வரும். மகளுக்கு எடுத்த பள்ளிச் சீருடை, அவள் பள்ளியை விட்டு வெளியே வரும் வருஷம்தான் அவளுக்குச் சரியாக இருந்தது. மூன்று பேர் உள்ள வீட்டில் சோற்றுப் பானையைப் பார்த்தால் தெருவுக்கே விருந்தோ என்று தோன்றும். “கல்யாணத்துக்கு முன்னாடி ஆசையா ஒரு மோதிரம் வாங்கிட்டு வந்தாரு. கட்டை விரல்லதான் நின்னுச்சு,” என்று அவர் மனைவி சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சேர்ந்து சிரிப்பார். திருந்த மாட்டார்.

தொழில், கோழிக்குஞ்சு ஏற்றிப்போவது. அன்றைக்குப் பொரித்த குஞ்சுகளை அட்டைப் பெட்டிகளோடு வாங்கி, பிக்கப் வண்டியின் மூடிய கூண்டுக்குள் அடுக்கி, பண்ணைகளில் கொண்டுபோய் இறக்குவார். கூண்டுக்குள் இரண்டு மின்விசிறிகள் உண்டு. வண்டி நின்றாலும் அவை சுற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் நெருக்கிக்கொண்டு கிடக்கும் குஞ்சுகள் புழுக்கத்தில் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். வண்டி ஓட்டும்போது பாட்டுக் கேட்க மாட்டார், போன் பேச மாட்டார். பின்னாலிருந்து வரும் கீச்கீச் சத்தத்தில்தான் காது இருக்கும். “புள்ளைங்க பேசிக்கிட்டே வந்தா நல்லாருக்குதுன்னு அர்த்தம்,” என்பார்.

அன்று உச்சி வெயிலில், கூண்டு நிறையக் குஞ்சுகளோடு, எங்கள் தெருமுனையில் பழைய பேட்டரி உயிரை விட்டது. தள்ளி ஸ்டார்ட் செய்து பார்த்தோம், மசியவில்லை. நானும் தெருக்காரர்களும் அப்படியே பேட்டரிக் கடை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தோம். கூண்டுக் கதவை விரியத் திறந்தும் உள்ளே அடுப்படி மாதிரி அனல். அந்த நிலையில் அவர் இருப்பதிலேயே பெரிய பேட்டரியைக் கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது.

“அண்ணே, அது உயரம் ஜாஸ்தி. பானட்டுல இடிக்கும். பேட்டரிய அசையாமப் புடிக்கிற கிளாம்பும் மேல உக்காராது,” என்றார் அக்கா.

“ரப்பர் டியூப் போட்டு இறுக்கிக் கட்டிக்கிறேன். நேரமில்ல தங்கச்சி, சத்தம் குறையுது பாரு.”

அக்கா வாயெடுப்பதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தானே வைத்தார், தானே கட்டினார், கம்பிகளை மாட்டினார். விசிறிகள் விர்ரென்று சுற்றின. உள்ளே கீச்கீச் கூடியது. “பாத்தியா!” என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். விஷயம் தெரியாத நான், பலே என்று கைதட்டினேன்.

பானட்டை இறக்கினார். அது முழுதாக மூடவில்லை. இரண்டு கையாலும் ஓங்கி அமுக்கினார்.

பளீரென்று நீல வெளிச்சம். பானட்டின் விளிம்பெல்லாம் பொறி பறந்தது. பேட்டரியின் முனை பானட்டின் இரும்பில் முட்டிவிட்டது என்று பிறகுதான் விளங்கிற்று. அப்போது வண்டியே வெடிக்கிறது என்றுதான் நினைத்தேன். “ஓடுங்க! வெடிச்சிரும், ஓடுங்க!” என்று அக்கா அலறினார். எதிர்க்கடைச் சுவரில் முதுகு இடித்தபோதுதான் நான் ஓடிவந்திருப்பதே எனக்குத் தெரிந்தது. 

அவர் ஓடவில்லை. என்னால் இன்றுவரை நம்ப முடியாதது அதுதான். புகைக்குள் பானட்டை நெம்பித் தூக்கினார். தீப்பிடித்துத் தொங்கிய ரப்பரோடு சேர்த்துக் கம்பியை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார்.  பொறி அடங்கியது. விசிறிகள் நின்றன. கொஞ்ச நேரத்தில் கூண்டுக்குள் கீச்கீச்சும் நின்றது.

அவ்வளவு சின்ன உயிர்கள் சும்மா இருப்பது இத்தனை பயங்கரமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. 

“தங்கச்சி, அளவானதே குடும்மா,” என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

அக்கா சரியான பேட்டரியைக் கொண்டுவந்து, கருகிய கம்பி முனையை மாற்றி, கிளாம்பை இறுக்கி, கம்பியை மாட்டி, அதன்மேல் சிவப்பு மூடியைப் போட்டார். விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. நாங்கள் எல்லோரும் கூண்டு வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சத்தமே இல்லை. பிறகு மேல் பெட்டியில் ஒரு குஞ்சு கீச்சென்றது. அடுத்த பெட்டியில் இரண்டு. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பெட்டிகளிலும் சத்தம் எழுந்தது, கீழ் மூலைப் பெட்டியைத் தவிர.

அவர் கூண்டின் விளிம்பில் குனிந்து நின்றார். மூலைப் பெட்டியைப் பார்க்க உள்ளே நீட்டியிருந்த வலது உள்ளங்கை தோல் வழன்று கொப்பளித்திருந்தது. அதன்மேல் விசிறிக் காற்று நேராக வீசிக்கொண்டிருந்தது. அந்த எரிச்சலுக்கு எவ்வளவு இதமாக இருந்திருக்கும், கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது, மூலைப் பெட்டிக்குப் போகும் காற்றைத் தன் கை மறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். சட்டென்று கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, ஓர் அடி நகர்ந்து வெயிலில் போய் நின்றார்.