ஜீவராணி கொண்டுவரும் குரல்கள்

பூனாகலை ரோட்டில் அந்த வளைவுக்கு வந்ததும் ஜீவராணி தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு இயர்போனை இடது காதில் செருகுகிறாள். வலது பக்கம் வேலை செய்யாது. அவளுடைய காது அல்ல, இயர்போன். சிக்னல் கிடைப்பது இந்த வளைவில் மட்டும்தான். கீழே, தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில், ஒரு கோடுகூட ஏறாது. பகல் முழுக்க எங்கோ காத்திருந்த குரல் பதிவுகள் வரிசையாக வந்து விழுகின்றன. குவைத், கொழும்பு, மறுபடி குவைத். திரும்பத் திரும்பக் கேட்கிறாள். உதடு அசைகிறது, புருவம் ஏறி இறங்குகிறது. ஆட்டோக்காரர்கள் இப்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கிப் பார்ப்பதில்லை. பழகிவிட்டது.

லயத்தில் பாதிப் பேரிடம் நல்ல போன் இல்லை. வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் ஜீவராணியின் நம்பருக்கே பேசி அனுப்புகிறார்கள். அவள் போனின் ஸ்பீக்கர் ஒரு மழையில் நனைந்து செத்துவிட்டது. அதனால் கேட்டதை அவளே நடித்துக் காட்ட ஆரம்பித்தாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களம்தான் மேடை. சாயங்காலம் சாக்கை விரித்து எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள்.

"நான் தபால்காரி மாதிரி. கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்" என்பாள்.

உண்மைதான். பேசியவன் இருமியிருந்தால் இருமுவாள். நடுவில் அவன் வேறு யாரிடமோ "டேய், அந்த பக்கெட்ட அங்கிட்டு வையி" என்று சொல்லியிருந்தால், தலையைத் திருப்பி அதையும் சொல்வாள். குக்கர் விசில் அடித்திருந்தால் அடிப்பாள். கண்ணீரோடு சிரிக்கும் மஞ்சள் முகம் வந்தால் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பாள். அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று களத்தில் வாக்குவாதம் நடக்கும். அனுப்பியவரே அழித்துவிட்ட செய்தி என்றால், வாயைத் திறந்து உடனே கையால் பொத்திக்கொள்வாள். அன்று அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கமாட்டார்கள்.

ஒருமுறை விரல் தவறிப் பட்டு, பதிவுகள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடின. ஜீவராணிக்கு அது தெரியாது. அங்கம்மாவின் மகள் குவைத்திலிருந்து பேசியதை, கேட்ட வேகத்திலேயே, மூச்சு விடாமல் படபடவென்று நடித்தாள். தேங்காய் கிடைக்கவில்லை, பாக்கெட் தேங்காய்த் தூளைப் போட்டுச் சம்பல் இடிக்கலாமா என்பதுதான் விஷயம்.

"எம்புள்ளைய யாரோ தொரத்துறாங்க" என்று அங்கம்மா எழுந்துவிட்டார்.

"சம்பல்னுதானேக்கா புள்ள சொல்லுது?" என்றாள் பக்கத்துச் சாக்கில் இருந்தவள்.

"பக்கத்துல ஆள நிறுத்தி வச்சிக்கிட்டு சம்பலப் பத்திப் பேசச் சொல்லியிருப்பாங்கடி."

மறுநாள் ஒரு வேன் நிறைய ஆட்கள் பண்டாரவளையில், அவளை வேலைக்கு அனுப்பிவைத்த ஏஜென்ட்டின் முன்னால் நின்றார்கள். அவர் குவைத்துக்கு அழைத்துக் கேட்டார். "சம்பல் கேட்டது தப்பாங்க?" என்றாள் மகள்.

அதே ஊரில் போன் கடை வைத்திருக்கும் ஹஸீப், கதையைக் கேட்டுச் சிரித்து முடித்த பிறகு ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்தார். லயம் முதல் தடவையாக உண்மையான குரல்களைக் கேட்டது. யாருக்கும் பிடிக்கவில்லை. "இது எம்மகன் மாதிரியே இல்லியே. நீயே சொல்லு ராணி." ஸ்பீக்கர் இன்றும் நன்றாக இருக்கிறது. யாரும் போடச் சொல்வதில்லை.

வீட்டில் ஜீவராணிக்குப் பேச்சு குறைவு. புருஷன் குறைப்பட்டால், "எனக்குள்ள பத்துப் பேரு பேசுறாங்க, நீங்க வேறயா?" என்பாள்.

போன மாதம் இராக்கம்மா இறந்துபோனார். அவருடைய புருஷன் இராமையாவும் மகன் ஜெயகுமாரும் பேசிக்கொள்வதில்லை; மகன் தோட்டத்து வேலையை உதறிவிட்டுக் கொழும்பில் ஓட்டல் வேலைக்குப் போன நாளிலிருந்து அப்படித்தான். அவன் அம்மாவுக்கு மட்டும் பேசி அனுப்புவான். "அவர மருந்து போடச் சொல்லு" என்று முடிப்பான். ஜீவராணி நடிக்கும்போது இராமையா முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். காது மட்டும் இந்தப் பக்கம். சாவு வீட்டில் இருவரும் சவப்பெட்டியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். மகன் பேசாமலே பஸ் ஏறினான். இனி நடுவில் ஆள் இல்லை. அவன் விட்டுவிட்டால் கிழவருக்கு வேறு யாருமில்லை என்பது லயம் முழுக்கத் தெரியும்.

இந்த வாரம் அவனிடமிருந்து ஒரு பதிவு வந்தது. ஜீவராணி இறங்கி வரும் வழியிலேயே அங்கம்மா மறித்தார்.

"என்னா சொல்லியிருக்கான்?"

"பெருசா ஒன்னும் சொல்லல."

"அப்ப நல்லதா ரெண்டு வார்த்த நீயே சேத்துக்க புள்ள. பாவம், கெழவரு."

"முடியாதுக்கா. நாளைக்கு அவன் நேர்ல வந்து வேற மாதிரி பேசுனா, அவரு யார நம்புவாரு?"

களத்தில் இராமையா முகத்தை இந்தப் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தார். ஜீவராணி எதிரில் நின்று தொண்டையைச் செருமினாள். பஸ் ஹாரன் ஒன்று அடித்தாள். "அப்பா" என்றாள். பிறகு ஒன்றுமில்லை. மூச்சை இழுத்து விட்டாள். இன்னொரு பஸ் போனது. மூக்கை உறிஞ்சினாள். சாக்குகளில் ஆட்கள் நெளிந்தார்கள்.

"சிக்னல் போயிருச்சா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் அசையவில்லை. பதிவு இன்னும் முடியவில்லை. மறுபடி செருமினாள். "சாப்பிட்டீங்களா" என்றாள். கையை இறக்கினாள். அவ்வளவுதான்.

இராமையா தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"பதில் என்னா மாமா? சொல்றத அப்படியே மேல போய்ச் சொல்லிடுறேன்." போனைக் கண்டால் லயத்தில் எல்லோருக்கும் வாய் கட்டிவிடும். பதில்களையும் அவள்தான் வளைவில் நின்று நடிப்பாள்.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார்.

"இத என்னான்னுடி அனுப்புவ?" என்றார் அங்கம்மா. "வீடியோ எடேன்."

"அந்த சிக்னல்ல வீடியோ ஏறாதுக்கா."

மறுநாள் வளைவில் ஜீவராணி ஜெயகுமாரின் பெயரைத் தேடி எடுத்து, மைக் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு போனைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது; விரலை உடனே எடுக்கவில்லை.