டாக்டரிடம் சொன்ன பொய்

வடக்கே மோதி பாக் குடியிருப்பில் இஸ்திரி போடுகிறவன் நான். போன வருஷம் என்னால் கையைத் தூக்கவே முடியாமல் போனது. தொடையில் துளி சதை எடுத்துப் பார்த்து, உடம்பே தன் தசையைத் தாக்குகிற நோய் என்றார்கள். ஸ்டீராய்டு மாத்திரையில் தேறினேன். ஆனால் முகம் உப்பிவிட்டது. "என்ன அண்ணே, தினமும் கல்யாண விருந்தா?" என்று துணி கொண்டுவரும் நம்ம ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். கூச்சம் தாங்காமல், மனைவிக்குக்கூடத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினேன்.

சில வாரங்களில் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்தேன்.

"மாத்திரை விடாம சாப்பிட்டீங்களா?" என்று டாக்டரம்மா இந்தியில் கேட்டார்.

"ஜி, ஆமாம்" என்றேன்.

"ஒருநாள்கூட விடல மேடம்" என்றாள் மனைவி.

"அச்சா, அப்போ அந்த மருந்து கேக்கலை. நாளைக்கு இன்னும் கடுமையானது ஏத்தணும்." எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

அவருடைய வெள்ளைக் கோட்டைப் பிடித்து நிறுத்தி மெதுவாகச் சொல்லலாமென்றால் கை எழவில்லை. வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்: "மேடம், நான் சாப்பிடலை!"

"அடப்பாவி மனுஷா!" என்று அழுதாள் மனைவி.

டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டு, "திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து" என்று மட்டும் சொன்னார். பழைய மருந்தையே ஊசியில் ஆரம்பித்தார்.

இப்போது நடக்கிறேன். என் கை அன்று எழுந்திருந்தால், கோட்டைப் பிடித்திருப்பேனா, பேசாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருப்பேனா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.