பிளக் ஓட்டையில் யார் முட்டை?

வீடு வீடாக, தோட்டம் தோட்டமாகப் போய்த் தேனீக் கூடு கணக்கெடுக்கும் வேலைக்கு முக்கியத் தகுதி, தேனீயைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்பதுதான். அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாத் தகுதியும் எனக்கு இருந்தது. கான்வென்ட்டில் கரப்பான்பூச்சிக்கே சிஸ்டரைக் கூவி அழைத்தவள் நான்.

நாங்கள் தேடுவது கூட்டமாக வாழும் தேனீயை அல்ல. சுவர் ஓட்டையிலோ குழாயிலோ தனியாளாகக் கூடு கட்டி, மகரந்தம் சேர்த்து, முட்டையிடும் தேனீயை. அது வெளியே போன நேரம் பார்த்துக் குயில் தேனீ என்ற வேறொரு இனம் உள்ளே புகுந்து தன் முட்டையைப் போட்டுவிட்டு நடையைக் கட்டிவிடும். பொரிந்து வரும் புழு, வீட்டுக்காரப் பிள்ளையைத் தீர்த்துவிட்டுச் சாப்பாட்டையும் காலி செய்யும்.

நானும் என் பத்து மாத மகளைக் கோரிப்பாளையத்தில் கீழ்வீட்டு நூர்ஜஹான் அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் இந்த வேலைக்குப் போகிறேன். மகள் இன்னும் 'அம்மா' சொல்லவில்லை. முதல் 'அம்மா' அக்காவுக்குப் போய்விடுமோ என்பதுதான் என் பயம். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் தாய்மார்களே, நீங்களாவது சிரிக்காமல் படியுங்கள்.

முதல் நாள்

என் துப்பட்டாவில் ஒரு குயில் தேனீ உட்கார்ந்தது. நான் குதித்த குதியில் கணக்கு நோட்டு கிணற்றுக்குள் போனது. கண்ணைத் திறந்தபோது எங்கள் கள அலுவலர் சரவணன் சார் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். "சார், கொட்டிடுச்சா?" என்றேன்.

"அது சும்மாதாங்க உக்காந்துச்சு. நீங்க மிதிச்சதுதான் வீங்கிருச்சு."

உசிலம்பட்டியில்

பூசணித் தோட்டத்து மோட்டார் அறையின் மண்சுவர் முழுக்கக் கூடுகள். கறுப்பு உடம்பில் நீலப் பொட்டுகளோடு குயில் தேனீ சுற்றிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் ராசு அண்ணனிடம் அதன் அயோக்கியத்தனத்தை எல்லாம் கை ஆட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அம்புட்டு மோசமான ஈயா! பெத்ததை இன்னொருத்தி வீட்டுல விட்டுட்டு ஊர் சுத்துதாக்கும். ஆமா, உனக்குப் பிள்ளை இருக்குன்னியே, அது எங்க தாயி?"

மறுநாள் காலையிலிருந்து தீவிரப் பயிற்சி. பல் துலக்கும்போதுகூட மகள் எதிரே நின்று, நுரை தெறிக்க "அம்மா, அம்மா" என்று ஒப்பித்தேன்.

நல்ல சகுனம்

நகரத்துக்குள் ஒரு வீடு. சமையலறை பிளக் ஓட்டைக்குள் இலைவெட்டித் தேனீ, இலைத் துண்டுகளைச் சுருட்டிக் கூடு கட்டியிருந்தது. குளவியோ வண்டோ வீட்டில் கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று அந்த வீட்டு மாமியாருக்கு உறுதியான நம்பிக்கை. அதனால் ஒரு மாதமாக மிக்ஸியைச் சொருகவில்லை. மருமகள் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கூரான வால் உள்ள குயில் தேனீ ஒன்று உள்ளே நுழைந்து வெளியே வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கூடு இலைவெட்டியோடது, முட்டை பக்கத்துல இருந்து வந்தவ போட்டதும்மா" என்று சொல்லிவிட்டேன். மாமியார் நெஞ்சில் கை வைத்தார்.

"அய்யய்யோ, அப்ப பக்கத்து வீட்டுக்காரிக்கா பிறக்கப் போகுது? அவளுக்கு அறுபத்தெட்டு வயசாச்சேம்மா!"

மருமகள் அதற்குள் மிக்ஸியைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.

அந்தச் சத்தம்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டு வாசல்படி ஏறும்போதே கேட்டது. தெளிவாக, "ம்மா!" எட்டிப் பார்த்தேன். மகள் நூர்ஜஹான் அக்கா இடுப்பில் இருந்தாள். அக்கா முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். இன்னொரு தடவையும் சொன்னாள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கண்ணாடி மூடியிருந்ததால் முதலில் அக்காவுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"இதுக்கா இம்புட்டு அழுகை? காலையில இருந்து என்னைய அம்மாங்குறா, பூனைய அம்மாங்குறா, தண்ணி மோட்டாரு ஓடுனா அதையும் அம்மாங்குறா. மோட்டாரு வந்து பால் குடுக்கப் போகுதா? மூஞ்சியக் கழுவிட்டு வந்து பிள்ளைய வாங்கும்மா."

ஆகவே தோழிகளே, இலைவெட்டித் தேனீக்காவது ஒரு குயில் தேனீயோடுதான் போட்டி, எனக்கு அரை எச்.பி. மோட்டாரோடு.