ரிவர்ஸ் தப்பாகச் செதுக்கிய கியர் நாப்

கியர் நாப், அதாவது கியர் கம்பியின் உச்சியில் இருக்கும் குமிழ், மாட்டுவது பத்து நிமிஷ வேலை. பழையதைத் திருகிக் கழற்ற வேண்டும், புதியதைத் திருகி மாட்ட வேண்டும். பம்பாய் செம்பூரில் என் மெக்கானிக் கடையில் எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் இன்றும் மறக்க முடியவில்லை.

ரெண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். கொண்டுவந்தவன் மாட்டுங்காவில் கடை வைத்திருக்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவரின் மகன். என்னிடம் அனுப்பியது என் தங்கச்சி. அவளும் அவள் புருஷனும் அவன் குடியிருக்கும் கட்டடத்தில் காலையில் கார் கழுவுகிறார்கள்.

நாப்பை அவனே ஆன்லைனில் வாங்கியிருந்தான். முழு ஸ்டீல், நல்ல கனம். மரை சேரவில்லை. நடுவில் போட ஒரு புஷ், சின்ன உலோக வளையம், தேடிப் பிடித்து, ஆட்டமில்லாமல் இறுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. என் புத்தி பூராவும் மரையிலேயே இருந்தது. முடிந்ததும் அவன்தான் சொன்னான்.

"அண்ணாச்சி, மேல உள்ள படம் மாறியிருக்கே."

எந்தக் கியர் எங்கே என்று நாப்பின் தலையில் செதுக்கியிருந்தது. அதில் ரிவர்ஸ் இடது மூலையில், மேலே. இந்த வண்டிக்கு ரிவர்ஸ் வலது மூலையில், கீழே. இடது பக்கம் மேலே தள்ளினால் விழுவது முதல் கியர். வண்டி முன்னால் போகும்.

"ஆமா தம்பி. திருப்பி அனுப்பிட்டு வேற வாங்கு."

"எதுக்கு? ஓட்டுறது நான்தானே. பாக்க கெத்தா இருக்குல்லா?"

"உன் வண்டி, உன் இஷ்டம்" என்று அனுப்பிவிட்டேன். எனக்குப் பசி. நான் செய்த முட்டாள்தனம் அதுதான். தெரியாமல் செய்ததல்ல.

மறுநாள் காலை, தாராவியில் என் வீட்டில், பேன்ட்டை ஊறவைக்க வேண்டும், பையில் இருப்பதை எடுங்கள் என்றாள் மனைவி. முந்தின நாள் கழற்றிப் பையில் போட்டிருந்த பழைய நாப் கையில் வந்தது. வலது மூலையில், கீழே, ரிவர்ஸ். பார்த்ததும்தான் உறைத்தது.

ஓட்டுறது நான்தானே என்றானே, பம்பாயில் எவன் வண்டியை அவன் மட்டும் ஓட்டுகிறான்? அந்தக் கட்டடத்தில் காருக்குப் பின்னால் கார். சாவியெல்லாம் வாட்ச்மேன் அறையில் தொங்கும். கழுவுகிறவர்கள்தான் முன்னே பின்னே நகர்த்துவார்கள். என் மாப்பிள்ளைக்கு, தங்கச்சி புருஷனுக்கு, லைசென்ஸ் கிடையாது. காம்பவுண்டுக்குள் மட்டும் நகர்த்தத் தெரியும். கற்றுக்கொடுத்தவன் நான். "நாப் மேல பாத்துப் போடு மாப்ள, எந்த வண்டியும் நகந்துரும்." என் வாயால் சொன்னது.

வண்டியெல்லாம் மூக்கு சுவரைப் பார்த்து நிற்கும். தங்கச்சி ஒல்லி. சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் உட்கார்ந்து துடைப்பாள். இடம் போதாவிட்டால், "கொஞ்சம் பின்னால எடுங்க" என்பாள். அவர் எடுப்பார்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. கழுவும்போது ரெண்டு பேர் போனும் வாட்ச்மேன் மேஜையில் கிடக்கும். ஸ்கூட்டரை எடுத்தேன். தொண்ணூறடி சாலையில் தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே நின்றது. லாரிக்காரனைத் திட்டினேன், அந்தப் பையனைத் திட்டினேன், என்னைத் திட்டினேன். காதில் ஒரே சத்தம், பம்பர் சுவரில் மோதும் சத்தம். அதற்கு நடுவில் என்ன இருக்கும் என்று நினைக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

கேட்டுக்குள் நுழைந்தபோது அந்த ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கு சுவரோடு ஒட்டியிருந்தது. நடுவில் நீல வாளி ஒன்று நசுங்கிக் கிடந்தது. சோப்புத் தண்ணீர் என் கால் வரை ஓடி வந்தது. மாப்பிள்ளை ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். தங்கச்சியைக் காணவில்லை.

"என்னண்ணே, காலங்காத்தால?"

எனக்குப் பின்னால், குழாயடியிலிருந்து இன்னொரு வாளியோடு வந்தாள். தண்ணீர் மாற்றப் போயிருக்கிறாள். ஓடிப்போய் அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தேன். அவள் வண்டியைப் பார்த்தாள்.

"கண்ண எங்க வச்சிருக்கீய? பின்னால எடுங்கன்னா முன்னால எடுக்கீய!"

"மேல போட்டிருக்க மாதிரிதானட்டி போட்டேன்" என்றார். வேலை போய்விடும் என்று அவருக்குப் பயம்.

பையன் அரை டிராயரோடு இறங்கி வந்தான். முதலில் பம்பரைத்தான் குனிந்து பார்த்தான். "வண்டி ஓட்டத் தெரியாத ஆளுட்டயெல்லாம்..." என்று ஆரம்பித்தான்.

"அவர ஒண்ணும் சொல்லாத" என்றேன். "தப்புன்னு தெரிஞ்சே மாட்டுனவன் நான். தெரிஞ்சே வாங்கிட்டுப் போனவன் நீ."

"ஓட்டுறது நான்தான்னு சொன்னேன்லா அண்ணாச்சி."

"நீ ஞாயித்துக்கிழம ஓட்டுவ. தெனமும் நகத்துறது இவங்க. அந்த வாளி கிடக்க எடத்துலதான் என் தங்கச்சி உக்காருவா. நல்லாப் பாரு."

பார்த்தான்.

வண்டியை நானே பின்னால் எடுத்து நிறுத்தினேன். நாப்பைக் கழற்ற உட்கார்ந்தேன். ஆட்டமே இல்லை என்று பெருமைப்பட்டு இறுக்கியது, அசைய மறுத்தது. ஈரக் கை வேறு வழுக்கியது. தங்கச்சி மிச்சத்தைத் துடைக்கத் துணியோடு வந்தாள். பானட் வரை வந்தவள் நின்றுவிட்டாள்.

"அண்ணே, சாவி எங்க?"

"வண்டிலதான். இன்ஜின் ஆஃப்ல இருக்கு."

"இருக்கட்டும். எடுத்து என்ட்ட குடு."

கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம்தான் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.