மண் குடித்ததா, மாடு குடித்ததா?

கொழும்பு புறக்கோட்டையில் காலை ஐந்தரை பஸ்ஸில் ஏறியபோதே எனக்கும் உலகத்துக்கும் ஒத்துவரவில்லை. காரணம் என் கையில் இருந்த மண் துளைப்பான். என் தோளுயர இரும்புத் தண்டு, அடியில் திருகு, மேலே குறுக்காக ஒரு பிடி. கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்து, "நங்கி, இதுக்கும் டிக்கட் எடுக்கணும்" என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. புத்தளத்துக்கு எனக்கு ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய், இரும்புக்கு அதில் பாதி.

"அப்ப அதுக்கு சீட்?"

"அது நிண்டுதானே வருது" என்றார்.

நின்றுதான் வந்தது, என் முழங்காலில் சாய்ந்தபடி, நூற்றுமுப்பது கிலோமீட்டரும்.

எதற்கு இந்தக் காவடி என்று கேட்பீர்கள். போன வருடம் விவசாயப் படிப்பை முடித்த எனக்கு மண் என்றால் பைத்தியம். எங்கே வீதி வெட்டினாலும் இறங்கிப் பார்ப்பேன். கூடப் படித்த ரிஸானாவுக்கு இது தெரியும். அவளுடைய மாமி நஸீமா, வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து குழந்தையாகத் துரத்தப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தவர், பதினெட்டு வயதிலிருந்து உப்பளத்தில் கூலி வேலை. சேர்த்ததையெல்லாம் போட்டு எலுவன்குளம் வீதிப் பக்கமாக இரண்டு ஏக்கர் காணி வாங்கியிருந்தார். எண்பது தென்னம்பிள்ளைகளும் வாங்கி வைத்தாயிற்று. மழை தொடங்குமுன் நட்டுவிட்டு உப்பளத்திலிருந்து நிற்பதாக மேற்பார்வையாளரிடம் சொல்லியும் ஆயிற்று. காணி வாங்கி, பிள்ளை வாங்கி, வேலையையும் விட்டபிறகு, கடைசியாகத்தான் மண்ணைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். இந்த ஒழுங்கை நினைக்க நினைக்க எனக்கு சிலாபம் வரை எரிச்சல் அடங்கவில்லை.

மதுரங்குளிச் சந்தியில் பஸ் நின்றது. ஒரு பிளேன்டீயும் இரண்டு சுருட்டிய ரொட்டியும். தேநீர்க் கடைக்காரர் துளைப்பானைப் பார்த்து, "தண்ணி பாக்கிற ஆளா?" என்றார். மண் பார்க்கிற ஆள் என்றேன். "மண்ணைப் பாக்க என்னத்துக்கு இரும்பு? கண் இருக்கே" என்றார். பதில் சொல்ல வாயெடுக்குமுன் பஸ் ஹோர்ன் அடித்தது.

பத்து மணிக்குச் சற்று முன்பாகப் புத்தளம். நஸீமா மாமியின் தம்பி ஜவ்பர் நானா த்ரீவீலோடு நின்றார். பின் சீட்டில் மாமி. மெலிந்த, உயர்ந்த பெண். உப்புத் தண்ணீர் தின்று வெடித்த பாதங்களைச் செருப்புக்குள் ஒளித்து வைத்திருந்தார். என் கையைப் பிடித்து, கடலேரிப் பக்கம் காட்டி, "மகள், மேகம் களப்புக்கு மேல வந்துட்டு. நீங்க ஓம் எண்டு சொன்னா நாளைக்கே குழி வெட்டலாம்" என்றார். ஓம் என்று சொல்வதற்காகவே என்னைக் கூப்பிட்டது போலிருந்தது.

வண்ணாத்திவில்லு கடந்து பழைய மன்னார் வீதியில் வடக்கே போனோம். புத்தளத்திலிருந்து எலுவன்குளத்துக்கு முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் துளைப்பானை வெளியே நீட்டிக்கொண்டு போகிற த்ரீவீலுக்கு அது நீளமான முப்பது. இருபுறமும் பற்றைக்காடு, இடையிடையே பாலை மரம், முள், காய்ந்த புல். மண் செம்பழுப்பு. கச்சான் கடலை அளவில் கிறவல், சரளைக்கல், எங்கும் தூவிக் கிடந்தது. மரங்கள் ஏன் இவ்வளவு குள்ளம் என்று அப்போதே வாய்விட்டுக் கேட்டேன். "மாடு தின்னும்" என்றார் ஜவ்பர் நானா. மாடு எட்டாத உயரத்திலும் அவை குள்ளமாகத்தான் இருந்தன.

காணிக்குள் இறங்கியதும் நானா பெருமையோடு ஒரு குழியைக் காட்டினார். நாலடி ஆழம், ஓரம் சீவினது போல் நேர், உள்ளே இறங்க ஒரு படி வேறு. "நீங்க கஷ்டப்படக் கூடாது எண்டு நேற்றே வெட்டி வச்சிட்டன்."

உள்ளே குதித்தேன். மெத்தென்ற, ஒரே நிறமான, ஆழமான மண். கிறவல் மருந்துக்கும் இல்லை. பக்கத்தில் பார்த்தால் பாதி இடிந்த கறையான் புற்று; கறையான் சலித்துக் குவித்த மண் இது.

"நானா, ஏன் இந்த இடத்தில வெட்டினீங்க?"

"இங்கதானே லேசா வெட்டுப்பட்டுச்சு."

"அப்ப வேற இடத்திலயும் வெட்டிப் பாத்தீங்களா?"

"ஓம், மூணு இடத்தில பாத்தன்." ஓரத்தில் கிடந்த கடப்பாரையைக் காட்டினார். "அலவாங்கு ணங் ணங் எண்டுச்சு, கை விறைச்சிட்டு. அந்த இடமெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

அந்த இடங்களுக்காகத்தான் நான் அரை டிக்கட் எடுத்துக்கொண்டு வந்தேன். இதைச் சொல்லி விளங்கவைக்க ஒரு போத்தல் தண்ணீர் குடிக்கவேண்டி வந்தது. மாமி குறுக்கே வந்தார்: "விருந்தாளிக்கு நல்ல இடத்தத்தானே காட்டுவம், மகள்?"

அப்போது எல்லை வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல். "அந்த முதிரை மரத்துப் பக்கத்தில வெட்டுங்க தங்கச்சி. அங்க நல்லா சத்தம் கேக்கும்."

அந்தோனி. பத்துப் பன்னிரண்டு மாடு வைத்திருப்பவர், கல்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கர். கடல் தொழிலை விட்டு மாட்டுக்கு வந்தவர். காணி விற்கப்படுமுன் மாடுகள் இங்கேதான் மேய்ந்தன, விற்ற பிறகும் இங்கேதான் மேய்கின்றன. மண் கெட்டது என்று முடிவானால் முதலில் சந்தோஷப்படக்கூடியவர் அவர். அதை மறைக்கவும் இல்லை.

"அவன் சொல்ற இடத்தில வெட்டாதீங்க மகள். அவனுக்கு வயிறு எரியுது" என்றார் மாமி.

"எரியல அக்கா. மாட்டுக்குத்தான் பசி."

அந்தோனி சொன்ன இடம், நானா வெட்டின இடம், இரண்டும் வேண்டாம் என்று காணியின் நட்டநடுவில் வெட்டச் சொன்னேன். முதல் ஒரு சாண் கிறவல் கலந்த மண், வேர் நிறைய. அடுத்த அரைச் சாணில் கிறவல் கூடி மண் குறைந்தது. வேர்கள் கீழே போகாமல் பக்கவாட்டில் திரும்பி, பாய் பின்னினது போல் படுத்துக் கிடந்தன. அதற்குக் கீழே ணங்.

துடைப்பத்தால் கூட்டச் செய்தேன். வெளிர் நிறத் தட்டு, கொங்கிரீட் ஊற்றியது போல், கிறவலையும் மணலையும் சுண்ணாம்பு பிடித்து இறுக்கிய தட்டு. போத்தலில் கொண்டுவந்த வினாகிரியைச் சொட்டினேன். நுரைத்தது. புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த ஒன்று என் காலடியில் சீறியது.

"ஐயோ, என்ன அழகு!" என்று கத்திவிட்டேன்.

மாமி குழிக்குள் எட்டிப் பார்த்தார். "அழகா? அப்ப நீயே வீட்ட கொண்டு போ" என்றார். மரியாதை போய்விட்டது. நியாயம்தான்.

பிறகு ஒரு மணித்தியாலம் விவாதம். பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து உடைக்கலாமே என்றார் நானா. தட்டு மெல்லியதென்றால் உடைக்கலாம். தடிப்பென்றால் ஒவ்வொரு குழியும் ஒரு கோப்பை மாதிரி, மாரியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும், கோடையில் அதே கோப்பைக்குள் வேர் வறுபடும். மெல்லியதா தடிப்பா? என் துளைப்பான் அந்தக் கேள்விக்கு வளைந்து நின்றது. அலவாங்கால் நானா வியர்க்க வியர்க்கக் குத்தி ஒரு சாண் ஆழத்துக்குக் கிண்ணம் போல் குடைந்தார். அடி தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம். தட்டில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் இறங்கும், அந்த வழியில் வேரும் இறங்கும். இறங்காவிட்டால் தென்னைக்கு இங்கே வேலை இல்லை. மாமி இதை உடனே ஒப்புக்கொண்டார். ஒரு கேன் தண்ணீரை விளிம்புவரை ஊற்றிவிட்டு, பாலை மர நிழலில் பாணும் சம்பலும் சாப்பிடப் போனோம். இருபது நிமிடம் ஆகியிருக்காது.

திரும்பி வந்தபோது கிண்ணம் காலி.

"இறங்கிட்டு! அல்ஹம்துலில்லாஹ், இறங்கிட்டு!" மாமி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

எனக்கும் ஒரு கணம் சந்தோஷம். அடுத்த கணம் குழி ஓரத்தில் ஈரமான குளம்படிகள். பத்தடி தள்ளி ஒரு செவலைப் பசு, மூக்கிலிருந்து தண்ணீர் சொட்ட, ஒன்றும் தெரியாதது போல் நின்றது.

"மண்தான் குடிச்சுது" என்றார் மாமி.

"என்ட மாடுதான் குடிச்சுது. வயித்தைத் தட்டிப் பாருங்க, குளுகுளு எண்டுது" என்றார் அந்தோனி.

"ஒரு மாடு ஒரு கேனைக் குடிக்குமா?"

"ஒரு கேன் அதுக்கு வாய் கொப்புளிக்கப் பத்தாது அக்கா."

"நீதான் அவிழ்த்து விட்ட!"

"மாட்டுக்கு உங்கட பரிசோதனை விளங்குமா?"

ஜவ்பர் நானா பாதி மண், பாதி மாடு என்று சமாதானம் சொன்னார். நாலு வருடம் படித்த எனக்கு மாடு இல்லாத ஆய்வுகூடத்தில்தான் எல்லாம் சொல்லித் தந்தார்கள். துளைப்பானைத் தூக்கி எறிந்தேன், எறிந்ததும் போய் எடுத்தேன்.

நானா த்ரீவீலை எடுத்துக்கொண்டு எலுவன்குளம் போய்க் குளத்திலிருந்து இரண்டு கேன் கொண்டு வந்தார். இந்தமுறை மாமி குழி ஓரத்திலேயே குந்தினார், கையில் ஒரு தடி. தண்ணீர் மட்டத்துக்குச் சரியாக ஒரு முள்ளைக் கிண்ணத்தின் ஓரத்துக் கிறவல் இடுக்கில் செருகி வைத்தார். அந்தோனி மாடுகளை வேலிக்கு அப்பால் கட்டிவிட்டு வந்து எதிரே குந்தினார். வெயில் சாய்ந்தது. அஸர் தொழுதுவிட்டு வந்து மறுபடி அதே இடத்தில் குந்தினார் மாமி. முள்ளில் ஒரு தும்பி வந்து உட்கார்ந்து பறந்தது. தண்ணீர் அந்த முள்ளை விட்டு அசையவே இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க சொல்ல வேணாம் மகள். எனக்கும் கண் இருக்கு."

முள்ளைப் பிடுங்கி எறிந்தார். எழுந்து பாவாடையைத் தட்டினார்.

"அந்தோனி, மாட்டை அவிழ்த்து விடு. சும்மா கிடக்கிற தண்ணிதானே, குடிக்கட்டும்."

செவலைப் பசு முதலில் வந்தது. அது உறிஞ்சி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்ற மாமி தம்பியிடம் திரும்பினார். "சூப்பர்வைசருக்குக் கோல் எடு. திங்கக்கிழமை நான் வாறன் எண்டு சொல்லு. வேற ஆளைப் போட்டுட வேணாம் எண்டும் சொல்லு." நானா போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி வீதிக்கு நடந்தார். பிறகு மாமி அந்தோனியிடம், அதே குரலில்: "இண்டையிலிருந்து இது சும்மா மேய்ச்சல் இல்ல. மாசக் குத்தகை."

"அக்கா! கல்லு எண்டு இப்பதானே முடிவாச்சு. கல்லுக்கா குத்தகை?"

"கல்லை உன்ட மாடு தின்னல்ல. புல்லுக்குக் கேக்கிறன்."

"பால் தாறன்."

"பாலை நீயே குடி."

எவ்வளவு என்பது நாங்கள் த்ரீவீலில் ஏறும்வரை முடியவில்லை. அந்தோனி வீதிவரை கூடவே வந்து பேரம் பேசினார். நான் இரண்டே வரி எழுதிக் கொடுத்தேன்: கிறவல் மண், ஒன்றரைச் சாண், கீழே இறுகிய தட்டு. மேய்ச்சலுக்கு நல்லது, தென்னைக்குக் கூடாது. மாமி அதை வாசிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்தார்.

திரும்பும் வழியில் எங்கள் ஊர் எப்படி என்று கேட்டார். மட்டக்களப்பு, கல்லடி. வெறும் மணல். முழங்கை வரை கையை விடலாம், ஒரு வாளி ஊற்றினால் திரும்பிப் பார்க்குமுன் காணாமல் போகும். அதைக் குறையாகவே சொல்லி வளர்ந்தவள் நான். "அங்க தென்னை?" என்றார். யாரும் நட்டதாக நினைவில்லை, வீட்டுக்கு நாலைந்து நிற்கிறது என்றேன்.

களப்புக்கு மேல் மேகம் காலையில் இருந்ததைவிடக் கறுத்திருந்தது. மாமி தலையை வெளியே நீட்டி அதைப் பார்த்தார்.

"தென்னம்பிள்ளை எண்பதையும் நாளைக்கு மதுரங்குளிச் சந்தையில வைக்கணும். மழை விழுந்தா எல்லாரும் நட்டு முடிச்சிடுவாங்க, பிறகு யார் வாங்கிற?" என்றார். "ரெண்டு நாளைக்குப் பெய்யாம இருந்தாப் போதும்."