கீழ்த்தள அக்கா பார்த்த பற்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அறிவியல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில். மேல் மாடியில் வைத்தால் தெருவில் லாரி போகிற அதிர்வுக்கே படம் கலங்கிவிடும் என்று, வாங்கிய காலத்திலேயே கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பம்ப் ஓடும் உறுமல் நாள் முழுக்கக் கேட்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர் குறையக் கூடாது. அதனால் வருடம் முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருப்பார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கீழ்த்தள அக்கா. போகப்போகப் பேராசிரியர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். வயதானவர்கள் மட்டும் ‘அம்மா’ என்பார்கள்.

அவர் படித்தது பாலிடெக்னிக்கில் மூன்று வருடம். வேதியியல் துறையில் குடுவை கழுவி, புட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலையில் சேர்ந்தவர். கருவி வந்தபோது அதை ஓட்டக் கற்றுக்கொள்ள இரண்டு பேராசிரியர்களை நியமித்தார்கள். ஒருவர் வெளிநாட்டு அழைப்பு வந்து கிளம்பிவிட்டார். மற்றவர் மூன்றாம் நாளே தலை வலிக்கிறது என்று மாடி ஏறியவர் திரும்பி இறங்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்த கம்பெனி இன்ஜினியருக்கு இன்னும் ஏழு நாள் மிச்சம் இருந்தது. மூலையில் துடைக்கிற துணியோடு நின்றவரைக் கூப்பிட்டு, “நீங்க உக்காருங்க, சும்மா போக எனக்கு மனசு வரல” என்றாராம். அது நடந்து பதினேழு வருடம் ஆகிறது.

எல்லாத் துறைக்காரர்களும் அவரிடம் வருவார்கள். மெக்கானிக்கல்காரர்கள் உடைந்த கியர் துண்டோடு, தாவரவியல்காரர்கள் மகரந்தத்தோடு, மருந்தியல்காரர்கள் மாத்திரைத் தூளோடு. ஒருவர் கொண்டுவருவது இன்னொருவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. பதிவுப் படிவத்தின் அடியில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது: மாதிரியைப் பற்றிய எந்தத் தகவலையும் கருவியை இயக்குபவர் வேறு யாருக்கும் தெரிவிக்கலாகாது. அக்கா அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். எங்கள் அலுவலகத்துக்கு மாதக் கணக்கு கொடுக்க வரும்போதுகூட, “இந்த மாசம் யாரெல்லாம் வந்தாங்கக்கா?” என்று கேட்டால், “பேப்பர்ல இருக்கு, படிச்சுக்கோ” என்பதோடு சரி.

நான் பதிவாளர் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பெடுக்கும் எழுத்தர். அவருக்கு நடந்ததில் பாதியை நானே நேரில் பார்த்தேன். மீதியை அவர் பிறகு சொன்னார்.

ஒரு நாள் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். கண்டிப்பானவர்; பேச்சைக் கத்தரித்துப் பேசுவார். ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து வந்த பதினொரு நோயாளிகளின் கீழ் முன்பற்களை அச்செடுத்து, பிசினில் வார்த்துக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றிலும் பல்லின் விளிம்பில் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

“படம் மட்டும் போதும்மா. யாருக்கும் காட்ட வேண்டாம். ரெண்டு வருஷ வேலை, இன்னும் வெளிய வரல.”

அக்கா வார்ப்புகளுக்குத் தங்கப் பூச்சு கொடுத்து, ஐந்நூறு மடங்கு பெரிதாக்கிப் படம் எடுத்துக் கொடுத்தார். பள்ளங்களின் அடி வழவழவென்று தேய்ந்து, அதன்மேல் மயிரிழை போலக் கோடுகள் ஒரே திசையில் ஓடின.

இரண்டு மாதம் கழித்துத் தொல்லியல் பேராசிரியர் வந்தார். அவர் டாக்டரம்மாவுக்கு நேர் எதிர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேசத் தொடங்கிவிடுவார். ஏரிக்கு அக்கரையில் உள்ள மேட்டைத் தோண்டியதில் கிடைத்த பழைய பற்களின் வார்ப்புகள் ஆறு வைத்திருந்தார். பற்களில் இருந்த பள்ளங்கள் ஏதோ சடங்குக்காக அரத்தால் ராவியவை என்பது அவருடைய முடிவு. நான்கு வருடமாக அதைத்தான் சொல்லி வந்தார். கட்டுரை எழுதி முடித்தாயிற்று, படம் மட்டும்தான் பாக்கி.

முதல் வார்ப்பு திரையில் தெளிந்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வழவழப்பு. அதே கோடுகள். முதலில் டாக்டரம்மாவின் வார்ப்பையே தவறி உள்ளே வைத்துவிட்டோமோ என்று நினைத்து, பம்பை நிறுத்தி, வெளியே எடுத்து, எண்ணைச் சரிபார்த்துவிட்டு மறுபடி வைத்தாராம்.

பேராசிரியர் படங்களை வாங்க வந்தபோது அக்கா மெல்ல ஆரம்பித்தார்.

“சார், இது ராவினதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“வேற எப்படிம்மா இவ்வளவு ஒழுங்கா பள்ளம் விழும்?”

“அரம் போட்டா அடி சொரசொரன்னு இருக்கும் சார். மெக்கானிக்கல்காரங்க கொண்டு வர்ற இரும்புல எத்தனையோ தடவ பாத்திருக்கேன். இது வழவழன்னு இருக்கு. ஏதோ ஒண்ணு இதுமேல நாள் பூரா இழுபட்ட மாதிரி.”

பேராசிரியர் சிரித்தார். “படம் நீங்க எடுங்கம்மா. விளக்கம் நான் சொல்லிக்கறேன். திங்கக்கிழமை அச்சுக்கு அனுப்பிடுவேன்.”

அக்கா படங்களை உறையில் போட்டு நீட்டினார். பிறகு சொல்லிவிட்டார்.

“இதே பள்ளத்தை உயிரோட இருக்கறவங்க பல்லுல பாத்திருக்கேன் சார்.”

“யார் பல்லு?”

“அதச் சொல்லக் கூடாது. பல் மருத்துவக் கல்லூரியில போய்க் கேட்டுப் பாருங்க.”

நிதானமாக, நாலு நாள் யோசித்துப் போய் விசாரிப்பார் என்று அக்கா நினைத்திருந்தார். அவரோ படிக்கட்டை இரண்டு இரண்டாகத் தாண்டி நேரே அங்கே போய், நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே, “உங்ககிட்ட பள்ளம் விழுந்த பல்லு இருக்காமே?” என்று கேட்டிருக்கிறார். டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று மாலை மூன்றரைக்குப் புகார் எங்கள் மேசைக்கு வந்தது. முத்திரை குத்தியவன் நான்.

அக்காவின் கணவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். விஷயத்தைச் சொன்னதும் மனைவி பக்கம் பேசுவார் என்று பார்த்தால், அவர் தட்டிலிருந்து கையை எடுக்காமலே, “நீ செஞ்சது தப்புதான்மா” என்றாராம்.

“ஏங்க, அவர் தப்பா எழுதி அனுப்பப் போறாருங்க. பாத்துக்கிட்டு எப்படி இருக்கறது?”

“டிரைவர் நல்லதுக்கே அஞ்சு நிமிஷம் முன்னாடி வண்டிய எடுத்தாலும், நான் எழுதித்தான் ஆகணும். எழுதிட்டு அதே டிரைவரோட டீ குடிப்பேன். அது வேற, இது வேற.”

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு. பதிவாளர் நடுவில். சாட்சி சொல்ல வந்த டாக்டரம்மாவையும் பேராசிரியரையும் வெளியே தாழ்வாரத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார வைத்தேன். ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். உள்ளே அக்கா ஸ்வெட்டர் இல்லாமல் வந்திருந்தார். அப்படி அவரைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

“நீங்க தகவல் சொன்னது உண்மையா?”

“உண்மை சார். படம் காட்டல. பேர் சொல்லல. ஆனா சொன்னேன்.”

“தப்புன்னு தெரியாதா?”

“தெரிஞ்சுதான் சொன்னேன்.”

“பேராசிரியர் எழுதறது சரியா தப்பான்னு பாக்கறது உங்க வேலையா?”

“இல்ல சார்.”

அந்த ‘இல்ல சார்’ குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பதிவாளர் வெளியே இருந்த இருவரையும் கூப்பிடச் சொன்னார். கதவைத் திறந்தால், பெஞ்சின் இரண்டு ஓரமும் காலி. இருவரும் நடுவில் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியரின் மடியில் படங்கள் பரப்பிக் கிடந்தன. டாக்டரம்மா பேனா முனையால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

“கோடெல்லாம் உள்ளேருந்து வெளிய போகுது பாருங்க. அரம் குறுக்கால போகும். இது வேற என்னமோ.”

“அப்போ உங்க ஆளுங்களுக்கு எதனால வந்துச்சு?”

“அதுதான் தெரியல. தண்ணி, பல்பொடி, சாப்பாடு எல்லாம் கேட்டாச்சு.”

“என்ன வேலை பாக்கறாங்க?”

டாக்டரம்மா கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தார். பதினொரு பேரும் பெண்கள். தொழில் என்ற இடத்தில் பதினொரு முறையும் ‘வீட்டு வேலை’ என்று எழுதியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்று தடவை கூப்பிட்டேன். கடைசியில் பதிவாளரே எழுந்து வாசலுக்கு வந்தார்.

உள்ளே வந்ததும், புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று டாக்டரம்மாவைக் கேட்டார்கள். அவர் யோசிக்கவே இல்லை. “இல்ல. புகார் அப்படியே இருக்கட்டும். நான் நம்பிக் கையெழுத்து போட்டுக் குடுத்தது அது. இன்னிக்கு நல்லதா முடிஞ்சுது, நாளைக்கு வேற யாருக்கோ கெட்டதா முடியும்.”

அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஒரு மாதம் கருவியைத் தொடக் கூடாது என்றும் உத்தரவு. வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாததால் அறை பூட்டியே கிடந்தது. அக்காவை வேதியியல் ஸ்டோரில் புட்டி அடுக்க உட்கார வைத்தார்கள்.

மூன்றாவது வாரம் ஸ்டோருக்கு போன் வந்தது.

“உங்க மேல புகார் குடுத்தவதான் பேசறேன். நாளைக்கு ஏரிக்கரைக்குப் போறோம். வர்றீங்களா?”

அக்கா லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பேராசிரியரின் பழைய காரில் மூன்று பேரும் நாற்பது நிமிடம். டாக்டரம்மாவின் பட்டியலில் ஆறாவதாக இருந்த பெண்ணின் வீடு கரையை ஒட்டி இருந்தது. ஐம்பது வயதிருக்கும். முன்னறையில் பாயில் உட்கார்ந்து நாணல் நாரைத் திரித்துக்கொண்டிருந்தார். வலை கட்டுகிற கயிறு. கால்விரலில் ஒரு முனை, கையில் ஒரு முனை. நாரைப் பிளக்க வேண்டிய போதெல்லாம் முன்பல்லில் கடித்து, ஈரம் படச் சரக்கென்று வெளியே இழுத்தார்.

“இதத்தானே வீட்டு வேலைன்னு சொன்னீங்க?” என்றார் டாக்டரம்மா.

“வீட்டுல இருந்துதானே செய்யறேன்? அப்போ வீட்டு வேலைதானே!”

பேராசிரியர் விடவில்லை. “பல்ல யாராவது ராவுற வழக்கம் உண்டாம்மா? முன்ன காலத்துல?”

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “என்ன சார், நல்லா இருக்கற பல்ல யாராவது போய் ராவுவாங்களா? கை ரெண்டுதான் இருக்கு, கயித்துக்கு மூணு கை வேணும். அதுக்குத்தான் பல்லு.”

சிரித்தபோது வாய் திறந்தது. கீழ்வரிசையில் இடப்பக்கம் இரண்டாவது பல்லின் மூலை லேசாக உடைந்திருந்தது. அக்கா அந்த உடைசலைத் திரையில் ஒரு மலைச்சரிவு அளவுக்குப் பார்த்திருக்கிறார்.

“உங்கள எனக்குத் தெரியும்க்கா” என்றார்.

“என்னையா? எங்க பாத்தீங்க?”

பல்லை மட்டும் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. “ஆஸ்பத்திரியில” என்று சொல்லிவிட்டு, ஒரு பிடி நார் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பேராசிரியர் ஒரு வார்த்தை பேசவில்லை. அச்சுக்கு அனுப்பியிருந்த கட்டுரையை அன்றே திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. ஒரு வாரம் வகுப்புக்கும் வரவில்லை.

தடை முடிந்த நாள் காலை அக்கா கருவிக்குள் வைத்த முதல் மாதிரி அந்த நார்தான். அத்தனை வருடத்தில் அவர் தனக்காக வைத்த முதல் மாதிரியும் அதுதான். படிவத்தில் துறை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தயங்கி, ‘கீழ்த்தளம்’ என்று எழுதியிருக்கிறார். நாரின் தோலில் கண்ணுக்குத் தெரியாத மணல் போன்ற பருக்கள் வரிசையாகப் பதிந்திருந்தன, ரம்பத்தின் பல் மாதிரி. அவற்றுக்கு இடையே இருந்த தூரத்தை அளந்தார். பற்களில் ஓடிய கோடுகளின் இடைவெளியோடு அது கிட்டத்தட்ட ஒத்துப்போனது. படத்தை உறையில் போட்டு, இரண்டு பிரதியாக இரண்டு பேருக்கும் அனுப்பினார். இந்தத் தடவை யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

மறு வருடம் பேராசிரியரும் டாக்டரம்மாவும் சேர்ந்து எழுதிய புதுக் கட்டுரை வெளிவந்தது. பேராசிரியர் எழுதிய முதல் வரைவில் அக்காவுக்குக் கடைசியில் ஒரு வரி நன்றி இருந்தது. டாக்டரம்மா அதை அடித்துவிட்டு, ஆசிரியர்கள் வரிசையில் மூன்றாவதாகச் சேர்த்தார். ஆசிரியர் அல்லாத ஊழியர் பெயரை அப்படிப் போடலாமா என்று டீன் அலுவலகம் கேட்டு எழுதியது. “நார்ப் படம் யாருடையதோ அவர் பெயர் இருக்கும்” என்று டாக்டரம்மாவிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. கட்டுரையை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பழைய பற்கள் ஆறுதான், அதை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து மறுப்பு வந்தது. பேராசிரியர் இப்போது அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். பழையபடி வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

எச்சரிக்கைக் கடிதம் அக்காவின் கோப்பில் அப்படியே இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லி மனு கொடுக்கலாமே என்றேன். “எதுக்கு? நடந்தது நடந்ததுதானே” என்றார். ஆனால் வேறொரு மனு கொடுத்தார். படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்: ‘இதுபோன்ற ஒன்றை வேறு துறையில் கண்டால், எங்களைச் சந்திக்கச் சொல்லலாம். ஆம் / இல்லை.’ குழு ஐந்து மாதம் யோசித்து அனுமதித்தது. முதல் வருடம் நூற்று நாற்பது படிவங்களில் அறுபத்தொன்றில் ‘ஆம்’ விழுந்தது. டாக்டரம்மா இன்னும் ‘இல்லை’தான் போடுகிறார்; ஆனால் படம் எடுக்கும்போது தானே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார்.

அதிலிருந்து பெரிதாக எதுவும் வந்துவிடவில்லை. போன மாதம் மண்ணியல்காரர்களின் பாறையிலும் மருந்தியல்காரர்களின் மாத்திரையிலும் ஒரே மாதிரி உருண்டைகளைப் பார்த்துவிட்டு, அக்கா இரண்டு துறையையும் கூப்பிட்டுச் சந்திக்க வைத்தார். இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, அது மாதிரிகளை ஒட்டுகிற டேப்பிலிருந்து வந்த தூசு என்று தெரிந்தது. அக்கா இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து, டேப் வாங்கிக் கொடுத்த ஸ்டோர்காரர் மீது கூட்டாக ஒரு புகார் எழுதிக் கொடுத்தார்கள்.