கடைசிப் பக்கத்தில் அக்காவின் பெயர்

என் அக்கா கேத்ரின், ஹட்டன் நகரத்தில் ஓர் அச்சகத்தில் பக்கம் கட்டுகிற வேலை செய்தாள். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போவாள். கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், திருவிழா நோட்டீஸ், மாதா கோயில் பாட்டுப் புத்தகம் என்று ஊருக்கு வேண்டியதெல்லாம் அவள் கணினியிலிருந்துதான் வெளியே போனது. எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை.

"கடைசியில சின்னதா ஒரு வரி போட்டா என்னங்க மொதலாளி?" என்று கேட்பாள்.

"கல்யாணம் அவங்களுக்கா, ஒனக்கா?" என்பார் முதலாளி பிரதாப். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அச்சகமே சிரிக்கும். அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுப்பாள்.

கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஃபாஸில் நானாவின் உம்மா றுக்கையா மௌத்தானபோது, நாற்பதாம் நாள் நினைவாக ஓதும் கத்தத்துக்கு யாசீன் புத்தகம் அடிக்க வேண்டியிருந்தது. குர்ஆனின் அந்த அத்தியாயத்தைத் தமிழ் அர்த்தத்தோடு சிறு புத்தகமாக்கி, முன்பக்கத்தில் இறந்தவர் பெயரைப் போட்டு, வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். எல்லாரும் அதைப் பார்த்து ஓதுவார்கள். வழக்கமாகக் கண்டிக்குப் போகும் வேலை. இந்த முறை பிரதாப் பிடித்துக்கொண்டார்.

அச்சகத்து மென்பொருள் பழையது. அதற்கு எழுத்து என்றால் இடமிருந்து வலம்தான். அரபை ஒட்டினால், கைகோத்து நிற்க வேண்டிய எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். நீளமான வசனம் இரண்டு வரியாக மடங்கினால், அதன் முடிவு மேல் வரிக்கு ஏறி, தொடக்கம் கீழே இறங்கிவிடும். அக்காவுக்கு அரபு தெரியாது. ஆனால் கோணலாகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. கடிதம் அடிக்கிற வேறொரு மென்பொருளில் எழுத்துகள் ஒழுங்காகச் சேருவதைக் கண்டுபிடித்தாள். அங்கே ஒவ்வொரு வரியாக அமைத்து, படமாக மாற்றி, பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வரி நகர்ந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி அடுக்க வேண்டும். முடிந்த பக்கங்களை ஃபாஸில் நானாவின் மகள் அஸ்மியாவிடம் கொண்டுபோய் ஓதிக் காட்டச் சொல்லுவாள். அஸ்மியா கடைசிப் பக்கம் வரை ஓதி, "எல்லாம் சரி அக்கா" என்றாள்.

அதைக் கேட்டு பிரதாப்பே இறங்கிவந்தார். "சரி, இதுல ஒம் பேரப் போட்டுக்க."

மாதா கோயில் திருவிழாவுக்காக அக்கா லீவில் நின்ற நாளில் ஃபாஸில் நானா வந்து, வயதானவர்கள் ஓத எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறார். பிரதாப் கணினியில் உட்கார்ந்தார். படங்களை இழுத்தால் மங்கின. அந்தப் படங்களையெல்லாம் அழித்துவிட்டு, இணையத்திலிருந்து அரபை எடுத்து ஒட்டி, பெரிதாக்கி, அன்றைக்கே மெஷினில் ஏற்றினார். தெரியாத கண்ணுக்கு அதுவும் அரபு மாதிரிதான் இருந்திருக்கும். மெஷினில் நிற்கும் அழகன் பிறகு இதை என்னிடம் சொன்னார். ஊரில் சொல்லச் சொன்னேன். "எனக்கும் புள்ளைங்க இருக்காங்க தம்பி" என்றார்.

கத்தத்துக்கு அக்காவையும் அழைத்திருந்தார்கள். முக்காடு போட்டுக்கொண்டு பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். மௌலவி புத்தகத்தைத் திறந்து, முதல் வரியைப் பார்த்து, மெதுவாக மூடினார். பிறகு ஒவ்வொருவராக மூடினார்கள். தெரிந்தவர்கள் மனப்பாடமாக ஓதினார்கள், மற்றவர்கள் சும்மா இருந்தார்கள்.

"இது நீங்க காட்டினது இல்லயே அக்கா" என்று அஸ்மியா காதோடு சொன்னாளாம்.

வாசலில் யாரோ, "வேதக்காரப் புள்ளைக்கிட்ட குடுத்தா இப்பிடித்தான்" என்றார். பிரதாப் அங்கேதான் நின்றார்.

"நான் படமா வச்சிருந்தேனே மொதலாளி."

"படமோ கிடமோ. கடைசிப் பக்கத்துல யாரு பேரு இருக்கு?"

அவ்வளவு பேரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்.

இறைவசனம் உள்ள தாளைக் குப்பையில் போடக் கூடாது, கடையில் பொட்டலம் மடிக்கவும் கூடாது. புத்தகங்களை வெள்ளைத் துணியில் கட்டி, இறந்தவர்களை அடக்கும் மையவாடியின் ஓரத்தில் புதைத்தார்கள். அக்காவின் பெயர் அச்சான ஒரே புத்தகம் அதுதான்.

வேலை போனது. பூண்டுலோயாவில் ஒரு கடையில் போட்டோகாப்பி எடுக்க நின்றாள். ஹட்டன் கடைத்தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். "நான் பண்ணலன்னு யாராச்சும் ஒரு ஆளு சொல்லட்டும்டா, போதும்" என்பாள். யாரும் சொல்லவில்லை. இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியிலேயே முடிந்துபோனாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து நான் லயத்துக்குத் திரும்பியபோது ஃபாஸில் நானாவும் அஸ்மியாவும் வந்திருந்தார்கள். தேநீர் கொடுத்தேன்.

"மகள் அண்டைக்கே சொன்னா தம்பி, அது தங்கச்சி செஞ்ச வேல இல்லண்டு."

"அப்ப ஏங்க நானா வெளிய சொல்லல?"

"பிரதாப்போட ஒரே கடைத்தெருவுல இரிக்கோணுமே" என்றார். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உம்மாட வருசக் கத்தம் வருது. தங்கச்சி செஞ்ச அந்தச் சரியான பக்கங்கள் இரிக்கா? கண்டியில எழுத்து அவ்வளவு வடிவா வருதில்ல. அவங்கட பேரையும் போடுவோம்."

பக்கங்கள் இருந்தன. அக்கா பென் டிரைவில் ஒரு பிரதி வைத்திருந்தாள்.

"பேரு வேணாங்க நானா. பிரதாப் கடை வாசல்ல நின்னு, அது கேத்ரின் பண்ணின பிழை இல்லன்னு நாலு பேருக்குக் கேக்கிற மாதிரி சொல்லுங்க. அன்னைக்கே கொண்டாந்து தர்றேன்."

அஸ்மியா தகப்பனைப் பார்த்தாள். அவர் மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார். "யோசிச்சுச் சொல்றன் தம்பி" என்றார். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வா மகள், பஸ் போய்த்திரும்" என்று அழைத்துக்கொண்டு படியிறங்கினார்.

வருசக் கத்தம் போன வெள்ளிக்கிழமை நடந்தது. புத்தகம் இல்லாமலே ஓதினார்களாம்.